'மாட்டேன்' என்று சொல்லி ஓட்டு வாங்கியவர்

காங்கிரஸ் அபேட்சகர் என்ற சொல்லைக் கேட்டவுடனே நம் நேயர்களின் மனக்கண் முன் கதர்க் குல்லாயும் கைராட்டையும் தோன்றினால் அதில் வியப்பில்லை. ஆனால் இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் காங்கிரஸ் அபேட்சகருக்கும் கதருக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. ஐக்கிய அமெரிக்காவில் காங்கிரஸ் என்பது ஒரு கட்சியின் பெயரன்று. அத்தேசத்தின் சட்டசபைக்கே அதுதான் பெயர். அதன் மேல்சபை செனட். கீழ்சபை பிரதிநிதிகள் சபை. கீழ்சபையில் 435 அங்கத்தினர்கள். இவர்கள் அனைவரும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஜனங்களின் முன்னால் போய் நின்றாக வேண்டும். ஒரு தேர்தலுக்குப் போட்ட பந்தலைப் பிரிப்பதற்குள் அடுத்த தேர்தலுக்குக் கால் நடவேண்டியதுதான்!

இவ்வாறு ஓயாமல் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் என்ன சொல்லிக் கேட்பார்கள் என்பது நம் நேயர்களுக்குத் தெரியாததல்ல. பாலம் கட்டித் தருகிறேன், துறைமுகத்தை ஆழப்படுத்தித் தருகிறேன், பயிருக்கு மானியம் வாங்கித் தருகிறேன் என்பார்கள். 'தருகிறேன்' என்பதே எந்த நாட்டிலும் தேர்தல் பாஷையின் மூலமந்திரம். இம்மந்திரத்தைத் தலைகீழாக ஜபித்து, 'மானியமா? மாட்டேன். உதவித் தொகையா? மாட்டேன். புது இலாகாவா? மாட்டவே மாட்டேன்' என்று சொல்லிக்கொண்டே ஒருவர் ஓர் இடைத்தேர்தல் உட்படப் பன்னிரண்டு முறை ஜயித்தார் என்றால் நம்புவது கொஞ்சம் சிரமந்தான். டெக்ஸாஸ் மாகாணத்துப் பிரசவ வைத்தியர் டாக்டர் ரான் பால் என்பவரே அவர். 'டாக்டர் நோ' என்று வாஷிங்டனில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வழங்கிற்று. 'மாட்டேன் டாக்டர்' என்று நாம் தமிழ்ப்படுத்திக்கொள்ளலாம்.

அவர் ரிபப்ளிகன் கட்சிக்காரர். அக்கட்சியிலும் கன்ஸர்வேடிவ் என்று சொல்லப்படும் பிரிவைச் சேர்ந்தவர். சர்க்கார் எவ்வளவுக்கெவ்வளவு சிறியதாய் இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு பிரஜைகளுக்கு க்ஷேமம் என்பது அப்பிரிவினரின் வேதம். மற்றவர்கள் இந்த வேதத்தைத் தேர்தல் மேடையில் ஓதிவிட்டுச் சபைக்குள் போனதும் மூட்டை கட்டி வைத்துவிடுவார்கள். டாக்டர் பால் அப்படிச் செய்யவில்லை. அவருடைய பெருமையும் அவரால் விளைந்த சங்கடமும் இந்த ஒரு விஷயத்திலேயே அடங்கியிருக்கின்றன.

1935-ஆம் வருஷம் ஆகஸ்டு 20-ஆம் தேதி பென்ஸில்வேனியாவில், பிட்ஸ்பர்க் நகரத்தை அடுத்த கிரீன் ட்ரீ என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தகப்பனார் ஒரு சிறிய பால் வியாபாரம் நடத்தி வந்தார். குமாரர்கள் ஐவர், ரான் மூன்றாமவர். கழுவின புட்டிகள் வரிசையாக நகர்ந்து வரும்போது அவற்றில் அழுக்குப் புட்டியைக் கண்டுபிடித்து எடுத்தால் புட்டிக்கு ஒரு பென்னி கூலி. ஐந்து வயதிலேயே இந்த உத்தியோகம் தமக்கு வாய்த்தது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். ஊரார் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு 'சரி' என்று விட்டுவிடுவதை எடுத்துத் தனியே வைக்கும் குணம் அங்கேதான் பிடித்ததோ என்னவோ! பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் பேர் வாங்கினார். கெட்டிஸ்பர்க் கல்லூரியில் பி.எஸ்ஸி. தேறி, ட்யூக் சர்வகலாசாலையில் 1961-இல் வைத்தியப் பட்டம் பெற்றார். 1963 முதல் 1965 வரை விமானப் படையில் வைத்தியராயிருந்தார். 1968-இல் மனைவி மக்களுடன் டெக்ஸாஸின் கடற்கரைப் பிரதேசமான பிரசோரியா ஜில்லாவில் குடியேறினார். அங்கே 4,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் அவர் கையில் பிறந்தன என்பது கணக்கு. அபேட்சகர்கள் குழந்தைகளைத் தூக்கி முத்தம் கொடுப்பது அந்நாட்டில் ஒரு தேர்தல் சடங்கு. இவரோ அந்தக் குழந்தைகளை உலகத்துக்குக் கொண்டு வந்தவர்! ஓட்டுச் சாவடியில் இதற்கு விலை இல்லாமற் போகுமா?

வைத்தியத் தொழிலிலும் அவருடைய கொள்கை முன்னால் வந்து நின்றது. வயோதிகர்களுக்கும் ஏழைகளுக்கும் வைத்தியச் செலவைச் சர்க்கார் கொடுக்கும் திட்டங்கள் 1965-இல் அமெரிக்காவில் ஏற்பட்டன. அத்திட்டங்களிலிருந்து ஒரு காசும் வாங்க அவர் மறுத்தார். பணம் கொடுக்க இயலாத நோயாளிக்குக் கட்டணத்தைக் குறைத்தோ, இனாமாகவோ சிகிச்சை செய்தார். அந்தச் சட்டம் வருவதற்கு முன்பு சான் அன்டோனியோவில் கத்தோலிக்க ஆஸ்பத்திரி ஒன்றில் தாம் வேலை பார்த்ததாகவும், பணமில்லை என்பதற்காக அங்கே யாரையும் திருப்பி அனுப்பியதில்லை என்றும் பிரசங்கங்களில் சொல்லுவார். ஒரு வைத்தியரின் தர்ம சிந்தையைப் பற்றி நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அடுத்த ஊர் வைத்தியருக்கும் அதே தர்ம சிந்தை இருக்கும் என்று ஏழை நோயாளி எதை நம்பி உறங்குவது? இந்தக் கேள்விக்கு அவர் தந்த விடை நமக்குத் திருப்தி அளிக்கவில்லை.

இவ்வளவு நிம்மதியான தொழிலை விட்டு அரசியலில் அவர் இறங்கியதற்குக் காரணம் தங்கம். 1944-இல் நேச தேசங்கள் கூடிச் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, அந்நிய சர்க்கார்கள் 35 டாலர் நோட்டைக் கொடுத்தால் அமெரிக்கா ஓர் அவுன்ஸ் தங்கம் கொடுக்க வேண்டும். 1971-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி ஜனாதிபதி நிக்ஸன், இனிமேல் அப்படிக் கொடுப்பதற்கில்லை என்று அறிவித்துவிட்டார். கூடவே 90 நாளைக்கு விலைகளும் கூலிகளும் ஏறக் கூடாது என்று ஒரு கட்டளையும் போட்டார். ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவே பொருளாதாரப் புஸ்தகங்களைப் படித்து வந்த டாக்டர் பாலுக்கு இது பேரிடியாயிற்று. நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்த ஆஸ்திரியப் பொருளாதார நிபுணர் லுட்விக் வான் மிஸஸ் அவருடைய மானசீக குரு. முதியவரான மிஸஸ் ஹூஸ்டனில் பேச வந்தபோது, நோயாளிகளை ஒரு நாள் காத்திருக்கச் செய்துவிட்டு அவர் பேச்சைக் கேட்கப் போனார். தங்கத்தின் பிடி விட்டுப் போனால் சர்க்கார் இஷ்டம் போல நோட்டு அச்சடிக்கும். நோட்டின் மதிப்புக் குறையும். குடியானவனும் பென்ஷன்காரனும் சிறுகச் சிறுகச் சேர்த்தது கரைந்து போகும் என்பது அவர் வாதம்.

நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இந்தப் பாடத்தை டெக்ஸாஸ் டாக்டர் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை! பாங்கிப் புஸ்தகத்தை விடக் காசுமாலையை நம்புகிறவர்கள் அவர்கள். அமெரிக்கப் பிரஜையோ 1933 முதல் 1974 கடைசி வரை தங்கக் கட்டி வைத்திருக்கவே கூடாதென்று சட்டம் இருந்தது; நகைக்கு மட்டும் விலக்கு உண்டு. நம் தேசத்திலும் 1963-இல் மொரார்ஜி தேசாய் நிதி மந்திரியாயிருந்தபோது 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்யலாகாது என்று உத்தரவாகி, பொற்கொல்லர் குடும்பங்கள் பட்ட அவதியைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-இல்தான் நம்மை விட்டு நீங்கிற்று. 35 டாலராயிருந்த அவுன்ஸ் விலை 1980-ஆம் வருஷம் ஜனவரியில் 850 டாலரைத் தொட்டதைப் பார்க்கும்போது, டாக்டர் பால் எச்சரித்ததில் பாதியாவது பலித்துவிட்டது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும் பழைய தங்க நாணய முறை இருந்த காலத்திலும் பாங்கிகள் திவாலானதுண்டு, ஜனங்கள் தெருவில் நின்றதுண்டு. அந்தப் பக்கத்தை அவர் அவ்வளவாகப் புரட்டிக் காட்டுவதில்லை.

1974-இல் முதல் தடவை நின்றார், தோற்றார். 1976 ஏப்ரலில் ஓர் இடைத்தேர்தலில் ஜயித்துச் சபைக்குள் புகுந்தார். அதே வருஷம் நவம்பரில் 300-க்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் ஸ்தானத்தை இழந்தார். 1978-இல் மறுபடி பிடித்தார். 1984-இல் செனட்டுக்கு ஆசைப்பட்டுக் கட்சிக்குள்ளேயே தோல்வியுற்று, பிரசவ வைத்தியத்துக்குத் திரும்பினார். 1988-இல் லிபர்டேரியன் என்னும் சிறு கட்சியின் பெயரால் ஜனாதிபதி ஸ்தானத்துக்கு நின்று, நூற்றுக்கு அரை ஓட்டு வாங்கினார். இத்துடன் இவர் கதை முடிந்தது என்றே எல்லோரும் எண்ணினார்கள்.

1996-ஆம் வருஷத்துத் தேர்தல்தான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது. டெக்ஸாஸின் 14-ஆவது தொகுதி, மெக்ஸிகோ வளைகுடாக் கரையிலிருந்து உள்நோக்கி ஆஸ்டின் நகரின் சமீபம் வரையில் நீண்டு கிடந்தது. நெல் வயல்களும் மாட்டுப் பண்ணைகளும் மீன்பிடி துறைகளும் நிறைந்த பிரதேசம் அது. (டெக்ஸாஸில் நெல்லா என்று நேயர்கள் கேட்கலாம். ஆம், அந்தக் கரையோரச் சமவெளியில் நன்றாகவே விளைகிறது!) நெல்லுக்குச் சர்க்கார் மானியம் உண்டு. அந்த மானியத்தை ஒழிக்க வேண்டும் என்பவர் டாக்டர் பால். தஞ்சாவூர் ஜில்லாவில் நின்றுகொண்டு 'காவேரித் தண்ணீர் எதற்கு?' என்று கேட்பதற்கு ஒப்பான தைரியம் இது.

தொகுதியின் அப்போதைய அங்கத்தினர் கிரெக் லாஃப்லின். டெமாக்ரடிக் கட்சியில் ஜயித்தவர். 1995-இல் ரிபப்ளிகன் கட்சிக்குத் தாவியவர். தாவி வந்தவருக்கு வரி விதிப்பைக் கவனிக்கும் செல்வாக்கு மிகுந்த கமிட்டியில் ஆசனம் போட்டுக் கொடுத்தார்கள். சபாநாயகர் நியூட் கிங்ரிச், அப்போது டெக்ஸாஸ் கவர்னராயிருந்த ஜார்ஜ் புஷ் முதலிய கட்சியின் பெரிய புள்ளிகள் அனைவரும் லாஃப்லின் பக்கம் நின்றார்கள். கட்சியிலேயே பிறந்து வளர்ந்தவரைத் தள்ளி, நேற்று வந்தவரைத் தூக்கி வைக்கும் இந்த வேடிக்கை நமக்கு முற்றிலும் புதியதன்று. டாக்டர் பாலுக்குத் துணையாக ஊருக்கு ஊர் சிநேகிதர்களும், தேசமெங்குமிருந்து வந்த நன்கொடைகளும், நோலன் ரையன் என்ற புகழ் பெற்ற பேஸ்பால் ஆட்டக்காரரும் இருந்தார்கள்.

அமெரிக்காவில் கட்சியின் அபேட்சகர் யார் என்பதைத் தலைவர்கள் அறைக்குள் உட்கார்ந்து தீர்மானிப்பதில்லை. அதற்கென்று ஒரு பூர்வாங்கத் தேர்தல் நடக்கிறது. ஜனங்களே ஓட்டுப் போடுகிறார்கள். அதில் லாஃப்லின் முதலாவதாக வந்தபோதிலும் பாதிக்கு மேல் ஓட்டு யாருக்கும் கிடைக்கவில்லை. ஏப்ரல் மாதத்தில் நடந்த இரண்டாம் சுற்றில் டாக்டர் பால் 100-க்கு 54 ஓட்டு வாங்கி அவரை வீழ்த்தினார். தலைவர்கள் சொன்ன சொல்லை அவர்களுடைய கட்சிக்காரர்களே கேட்கவில்லை! நவம்பரில் டெமாக்ரடிக் கட்சியின் வக்கீல் சார்லஸ் மாரிஸை எதிர்த்து நூற்றுக்கு 51 என்ற கணக்கில் தப்பிப் பிழைத்தார். போதைப் பொருள்களை மத்திய சர்க்கார் தடை செய்யக் கூடாது என்று அவர் சொல்லி வந்ததை மாரிஸ் பலமாக எடுத்துக் காட்டினார். இன்னொன்றையும் எடுத்துக் காட்டினார். அதற்குச் சற்றுப் பின்னால் வருவோம்.

சபையில் அவர் நடந்துகொண்ட விதத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அரசியல் சட்டத்தில் வெளிப்படையாக அனுமதி இல்லாத எந்தக் காரியத்துக்கும் அவர் ஓட்டுக் கொடுப்பதில்லை. வருமான வரி வேண்டாம். 1913-இல் ஏற்பட்ட பெடரல் ரிசர்வ் பாங்கி வேண்டாம். மத்திய சர்க்காரின் கல்வி இலாகா வேண்டாம். அந்நிய தேசங்களுக்கு உதவிப் பணம் வேண்டாம். அந்நிய மண்ணில் அமெரிக்கச் சிப்பாயும் வேண்டாம் என்பார். கருவிலிருக்கும் சிசுவுக்கும் உயிருண்டு என்பது பிரசவ வைத்தியர் என்ற முறையில் அவருடைய திடமான நம்பிக்கை. ஆனால் அதைப் பற்றிச் சட்டம் செய்வது கூட அந்தந்த மாகாணத்தின் வேலை என்பார். வீண் செலவு வேண்டாம் என்றவர் தம் வீட்டிலிருந்தே ஆரம்பித்தார். அங்கத்தினர்களுக்குரிய பென்ஷனை ஏற்க மறுத்தார். ஆபீஸ் செலவுக்கென்று கொடுத்த பணத்தில் மிச்சம் பிடித்துப் பொக்கிஷத்துக்குத் திருப்பி அனுப்பினார். பொதுப் பணம் என்றால் கண்ணில் ஒற்றிக்கொண்டு செலவு செய்ய வேண்டும் என்று காந்தியடிகள் காலத்துத் தொண்டர்களிடம் பாடம் கேட்ட நமக்கு இந்தக் குணம் பிடிக்காமல் இருக்க முடியுமா?

யுத்த விஷயத்தில் அவருடைய 'மாட்டேன்' இன்னும் கம்பீரமாக ஒலித்தது. 2002 அக்டோபரில் ஈராக் மீது படையெடுக்க ஜனாதிபதி புஷ்ஷுக்கு அதிகாரம் அளிக்கும் தீர்மானம் சபையில் 296-க்கு 133 என்ற கணக்கில் நிறைவேறியது. ஜனாதிபதி இவர் கட்சி. மாகாணமும் இவர் மாகாணம். யுத்த முரசு முழங்கும்போது குறுக்கே பேசுகிறவனைத் துரோகி என்று சொல்ல ஆயிரம் பேர் இருப்பார்கள். இருந்தும் எதிர்த்து ஓட்டுக் கொடுத்த ஆறு ரிபப்ளிகன்களில் டாக்டர் பால் ஒருவர். ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் குவிந்து கிடப்பதாகச் சொல்லப்பட்டது பொய்யாயிற்று என்பதை உலகம் பின்னர் அறிந்துகொண்டது.

இந்த இடத்தோடு நாம் பேனாவைக் கீழே வைத்திருந்தால் டாக்டர் பாலைப் பற்றி ஒரு ஸ்தோத்திரம் எழுதி முடித்த புண்ணியம் கிடைத்திருக்கும். அப்படிச் செய்வதற்கில்லை.

1955-இல் அலபாமா மாகாணத்து மாண்ட்கமரி நகரில், பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இடம் விட்டு எழுந்திருக்க மறுத்துச் சிறை சென்ற நீக்ரோ மாது ரோஸா பார்க்ஸை நம் நேயர்களில் பலர் அறிவார்கள். (அக்காலத்து வழக்குச் சொல் அது, இன்று அந்த ஜனங்கள் விரும்பும் சொல் கறுப்பர் என்பதே.) அந்த அம்மையாருக்குக் காங்கிரஸின் தங்கப் பதக்கம் அளிப்பதென்று 1999-இல் 424 பேர் ஓட்டுக் கொடுத்தார்கள். எதிர்த்தவர் ஒரே ஒருவர். அவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. பதக்கம் செய்ய ஆகும் 30,000 டாலரை வரிப் பணத்திலிருந்து எடுக்கச் சட்டத்தில் இடமில்லை, ஆளுக்கு 100 டாலர் நம் கைப்பணத்தைப் போடுவோம், இதோ என் பங்கு என்றார். அன்னை தெரேஸாவுக்குப் பதக்கம் அளித்தபோதும் அவர் இதே வாதத்தைச் சொன்னார். மற்ற அங்கத்தினர்கள் பையைத் திறக்கவில்லை. பிறர் பணத்தில் தாராளமாயிருப்பது எளிது என்பதை அன்று அவர் நன்றாகவே நிரூபித்துவிட்டார். இதுவரையில் நாம் அவர் கட்சிதான்.

ஐந்து வருஷம் கழித்து, 2004-இல், கறுப்பருக்குச் சம உரிமை வழங்கிய 1964-ஆம் வருஷத்துச் சட்டத்தின் நாற்பதாவது ஆண்டு நிறைவைப் பாராட்டி ஒரு தீர்மானம் வந்தது. ஆதரவு 414, எதிர்ப்பு 1. இதில் பணச் செலவு ஒன்றும் இல்லை. பின் ஏன் எதிர்த்தார்? ஓட்டலும் கடையும் தனி மனிதனின் சொத்து. அதற்குள் யாரை விடுவது, யாரை விடாமலிருப்பது என்பது சொத்துக்காரனின் இஷ்டம். அதில் சர்க்கார் தலையிட்டது சுதந்திரத்துக்கு விரோதம் என்றார். சர்க்கார் தானே கட்டாயப்படுத்திய நிற பேதச் சட்டங்கள் ஒழிந்தது நல்லதே என்றும் சேர்த்துச் சொன்னார்.

இந்த வாதத்தை நம்மவர்கள் முன்பே கேட்டிருக்கிறார்கள். கிணறு என்னுடையது, சத்திரம் என் பாட்டனார் கட்டியது, காப்பிக் கடை நான் முதல் போட்டு நடத்துவது என்று சொல்லித்தான் நம் ஊர்களில் ஒரு பெரும் ஜன சமூகத்தை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள். அதை அறிந்தே நம் அரசியல் சட்டத்தை வகுத்தவர்கள் 17-ஆவது ஷரத்தில் தீண்டாமையை ஒழித்ததோடு நில்லாமல், 15-ஆவது ஷரத்தில் கடை, ஓட்டல், கிணறு, குளம் என்று பெயர் சொல்லியே எழுதி வைத்தார்கள். வெயிலில் நடந்து வந்து தாகத்துக்குத் தண்ணீர் கேட்பவனிடம் 'முதலாளியின் சுதந்திரம்' என்று சொன்னால் அவன் தாகம் தீருமா? டாக்டர் பாலுக்குச் சர்க்காரின் கை மட்டுந்தான் கொடுங்கையாகத் தெரிந்தது. அண்டை வீட்டான் கையும், ஊரார் கையும் அதைவிடக் கொடுமையாக ஒரு மனிதன் கழுத்தை நெரிக்கக்கூடும் என்பது அவர் கண்ணில் படவில்லை.

மாரிஸ் எடுத்துக் காட்டிய இன்னொரு விஷயத்துக்கு இப்போது வருவோம். டாக்டர் பால் சபையில் இல்லாத வருஷங்களில் அவர் பெயரைத் தாங்கிச் சில செய்தித் தாள்கள் சந்தாதாரர்களுக்கு அனுப்பப்பட்டு வந்தன. அவற்றில் கறுப்பரை இழிவுபடுத்தும் வாசகங்கள் இருந்தன. அவற்றை இங்கே திருப்பிச் சொல்லி நம் பத்திரிகையைக் கறைப்படுத்த விரும்பவில்லை. 1996 தேர்தலில் இவை அம்பலமானபோது, வாக்கியங்களைச் சந்தர்ப்பத்திலிருந்து பிய்த்தெடுத்துவிட்டார்கள் என்று குறை கூறினாரே தவிர, நான் எழுதியதல்ல என்று அவர் சொல்லவில்லை. 2001-இல், வேறொருவர் எழுதியது என்றார். 2008-இல் மறுபடி பெரிய கிளர்ச்சி எழுந்தபோது, எழுதியதும் இல்லை, கவனித்துப் படித்ததும் இல்லை, கவனிக்காமலிருந்ததற்குத் தார்மிகப் பொறுப்பு ஏற்கிறேன் என்றார்.

இதுதான் நமக்கு விளங்காத விஷயம். பாதிப் பேர் படிக்காமலே கை தூக்கும் மசோதாக்களை வரி வரியாக நிறுத்துப் பார்த்து, அரசியல் சட்டத்தின் ஓர் எழுத்துக்கு முரணானாலும் தனி ஒருவராய் எழுந்து நின்று 'மாட்டேன்' என்றவர், தம் பெயரைத் தலையில் சூடிக்கொண்டு மாதந்தோறும் வீடு வீடாகப் போன தாளைப் படிக்கவில்லையாம்! அழுக்குப் புட்டியைக் கண்டுபிடித்து எடுத்த கண்ணுக்கு இது மட்டும் தட்டுப்படவில்லையா? படித்திருந்து விட்டிருந்தால் குற்றம். படிக்காமலே பெயரை விற்றிருந்தால் அதுவும் குற்றம். பத்திரிகை நடத்துகிற நாம் இதில் கண்டிப்பாயிருப்பதை நேயர்கள் தவறாக நினைக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

மானிய விஷயத்திலும் ஒரு சிறு சாமர்த்தியம் உண்டு. பெரிய செலவு மசோதாக்களில் தம் தொகுதிக்கென்று இறால் தொழிலுக்கும் நீர்வழிகளுக்கும் பிறவற்றுக்குமாகத் தொகைகளை எழுதிச் சேர்க்கச் செய்வார். அப்புறம் மசோதா எப்படியும் நிறைவேறிவிடும் என்று தெரிந்துகொண்டு, எதிர்த்து ஓட்டுக் கொடுப்பார். வரியாகப் பிடுங்கின பணம் என் ஜனங்களுடையது, அதைத் திரும்பக் கேட்பதில் என்ன தவறு என்பது அவர் சமாதானம். தர்க்கம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஏகாதசி விரதக்காரர், வீட்டாருக்கென்று பலகாரத்துக்குச் சொல்லிவிட்டு, பரிமாறும் வேளையில் முகத்தைத் திருப்பிக்கொண்டது போலவே நமக்குத் தோன்றுகிறது.

2005-இல் கத்ரினா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை மூழ்கடித்தது. நிவாரணத்துக்காக 5,180 கோடி டாலர் ஒதுக்கும் மசோதாவை 410 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்த 11 பேரில் டாக்டர் பாலும் ஒருவர். அவருடைய தொகுதியே அதே வளைகுடாக் கரையில்தான் இருந்தது. 1900-ஆம் வருஷத்துப் புயலில் 6,000 பேருக்குக் குறையாமல் மாண்ட கால்வெஸ்டன் நகரமும் அப்போது அவர் தொகுதியில் சேர்ந்திருந்தது. வெள்ளத்துக்குச் சர்க்கார் இன்ஷ்யூரன்ஸ் கொடுப்பதால்தான் ஜனங்கள் அபாயமான கரையில் வீடு கட்டுகிறார்கள் என்று அந்தக் கரைவாசிகளிடமே வாதித்தார். 2008 செப்டம்பரில் ஐக் என்னும் புயல் கால்வெஸ்டனைத் தாக்கிற்று. இரண்டு மாதத்துக்கெல்லாம் தேர்தல். அவரை எதிர்த்து நிற்க ஆளே இல்லை!

அந்த ஜனங்கள் ஏன் இவரை விடவில்லை? நெல் விவசாயி மானியத்தை வாங்கிக்கொண்டுதான் இருந்தான். டாக்டர் ஒருவர் எதிர்ப்பதால் அது நின்றுவிடாது என்று அவனுக்குத் தெரியும். 434 பேர் 'தருகிறேன்' என்று சொல்லும் சபைக்கு ஒருவர் 'மாட்டேன்' என்று போவதில் அவனுக்கு நஷ்டமில்லை. இவ்வளவு சாமர்த்தியக் கணக்கு மட்டும் போட்டிருப்பார்கள் என்றும் நாம் நினைக்கவில்லை. மாலையில் பேசினதைக் காலையில் மாற்றிப் பேசும் மனிதர்களைக் கண்டு சலித்தவர்கள், தமக்குப் பிடிக்காததையும் தம் முகத்துக்கு நேரே சொன்ன ஒருவரை விலைக்கு வாங்க முடியாது என்று கண்டுகொண்டார்கள். அந்த நம்பிக்கைக்குரிய விலையை நெல் விவசாயி கொடுக்கவில்லை. மாண்ட்கமரி பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்தவர்களின் சந்ததியார் கேட்டால், விலை யார் தலையில் விழுந்தது என்று சொல்வார்கள்.

பாங்கிக் கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும் என்று முப்பது வருஷமாய் அவர் போட்ட கூச்சல் மட்டும் முற்றிலும் வீண் போகவில்லை. பெடரல் ரிசர்வைத் தணிக்கை செய்யும் அவருடைய மசோதா 2012 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 327-க்கு 98 என்று நிறைவேறியது. செனட் அதைத் தொடவில்லை. மறு ஜனவரியில், 77-ஆவது வயதில், பென்ஷன் இல்லாமல் சபையை விட்டு வெளியேறினார். அவர் கொண்டு வந்த மசோதாக்கள் 600-க்கு மேல். அவற்றில் சட்டமானது ஒன்று: கால்வெஸ்டனிலுள்ள பழைய சுங்கச் சாவடிக் கட்டிடம் ஒன்றை, அவ்வூர்ச் சரித்திரச் சின்னங்களைக் காக்கும் சங்கத்துக்கு விற்கலாம் என்ற சட்டம்.